மூட் சரியில்லையா, சுபாவமே அப்படியா?

பண்டார் பாரு போன்ற தோட்டப்புற வட்டாரங்களில் ஒருவரைப் பற்றிப் பேசும்போது இரண்டு பேச்சுகள் சாதாரணமாகக் காதில் விழும். "இன்னைக்கு அவருக்கு மூட் சரியில்லை" என்பது ஒன்று. "அவரு சுபாவமே அப்படித்தான்" என்பது மற்றொன்று. முன்னது ஒரு நாளைக்கு, பின்னது ஆயுளுக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மனச்சோர்வு எனும் நோய் வீட்டார் கண்ணில் படாமல் தப்பிவிடுகிறது.

உணர்ச்சி வேறு, மனநிலை வேறு என்கிறது உளவியல். மண்டோர் பலர் முன்னிலையில் ஏசினால் கோபம் வரும். அதற்குக் காரணம் தெரியும். கொஞ்ச நேரத்தில் தணிந்தும் போகும். அது உணர்ச்சி. ஏசியது மறந்துபோன பிறகும் மாலையில் குழம்பில் உப்பு குறைந்ததற்காகத் தட்டு பறந்தால், அது மனநிலை. அது மணிக்கணக்கில், சில வேளை நாள்கணக்கில் நிற்கும். கேட்டால் காரணம் சொல்லத் தெரியாது.

எல்லாருக்கும் இது ஒரே மாதிரி வருவதில்லை. நெதர்லாந்தில் பதின்ம வயதினரையும் அவர்களின் தாய்மாரையும் வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2011இல் வெளிவந்தது. வெயிலும் மழையும் ஏறக்குறைய பாதிப்பேரின் மனநிலையை அவ்வளவாக மாற்றவில்லை. சிலர் வெயிலில் மலர்ந்தார்கள், சிலர் அதே வெயிலில் வாடினார்கள், சிலருக்கு மழைதான் ஆகவில்லை. நம் பால்மரத் தோட்டங்களில் கணக்கு வேறு. பட்டை நனைந்தால் பால்வெட்டு இல்லை, அன்றைய வரும்படியும் இல்லை. அந்தக் கவலையை மூட் என்று சொல்லித் தள்ளிவிட முடியாது.

சட்டென்று கலங்குவதும் எதற்கும் அசையாமல் இருப்பதும் ஓரளவு பிறவியோடு வருபவை. இரட்டையரை ஆராய்ந்தவர்கள், இந்த வேறுபாட்டில் ஏறக்குறைய 40 முதல் 50 விழுக்காடு மரபுவழி என்கிறார்கள். ஆகவே ஒருவரை அவருடைய அண்ணனோடு ஒப்பிட்டுப் பயனில்லை. போன வருடத்து அவரோடு ஒப்பிட வேண்டும். திருவிழாவுக்கு முதல் ஆளாக நின்றவர் இப்போது வாசலுக்கே வருவதில்லை, தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பிடித்த எதிலும் நாட்டமில்லை. இப்படி இரண்டு வாரம் தொடர்ந்தால் அதைச் சுபாவம் என்று விட்டுவிடக்கூடாது. ஆண்களிடம் இது அழுகையாக வராமல் எரிச்சலாகவும் குடியாகவும் வருவதுண்டு. வீட்டார் ஏமாறும் இடம் அதுதான்.

தேசிய சுகாதார ஆய்வின்படி, 2019இல் மலேசியப் பெரியவர்களில் 2.3 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருந்தது. 2023இல் அது 4.6 விழுக்காடு, அதாவது சுமார் பத்து லட்சம் பேர்.

அரசாங்க சுகாதாரக் கிளினிக்கிலேயே இதற்குப் பரிசோதனை உண்டு. கிளினிக்குக்குப் போகத் தயங்குவோர் சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணுக்கு அழைத்துப் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் மீது வழக்குப் போட இடமளித்த தண்டனைச் சட்டம் 309ஆவது பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீசுக்குப் பயந்து வீட்டுக்குள் மறைத்து வைக்க வேண்டிய நிலை இப்போது இல்லை.