நியூசிலாந்து வராத கோப்பை

2022 ஜூலை 30. ஃபிஜித் தலைநகர் சுவாவில் ஓசியானியா மகளிர் கால்பந்துக் கோப்பையின் இறுதி ஆட்டம். உள்ளூர் ரசிகர்கள் முன்னால் ஆடிய ஃபிஜிப் பெண்களை பப்புவா நியூ கினி 2-1 என்ற கணக்கில் வீழ்த்தியது. 2007, 2010, 2014 என மூன்று முறை இரண்டாமிடத்தோடு நின்றுபோன அணிக்கு அதுதான் முதல் கோப்பை.

சமோவா, டோங்கா, டஹிதி, வனுவாட்டு, சாலமன் தீவுகள் என்று ஒன்பது அணிகள் அங்கே கூடின. அவற்றில் ஒன்றான குக் தீவுகளின் மக்கள்தொகை இருபதாயிரத்தைக்கூட எட்டாது. நம் திருத்தணி நகரத்தில் மட்டும் 2011 கணக்கெடுப்பிலேயே 44 ஆயிரம் பேருக்கு மேல். அத்தனை சிறிய நாட்டுக்கும் ஒரு மகளிர் அணி இருக்கிறது.

அதற்கு முன் வழக்கமாக இந்தக் கோப்பை நியூசிலாந்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. 2018 இறுதி ஆட்டத்தில் ஃபிஜி வாங்கியது எட்டு கோல்; திருப்பிப் போட்டது ஒன்றுமில்லை. 2023 உலகக் கோப்பையை ஆஸ்திரேலியாவோடு சேர்ந்து நடத்தியதால் நியூசிலாந்துக்கு நேரடி இடம் கிடைத்தது. அதனால் சுவாவுக்கு அந்த அணி வரவில்லை. அப்போதுதான் தீவுப் பெண்களுக்கு நிஜமான போட்டி வாய்த்தது. தன் பலத்துக்கு ஈடான எதிரணியோடு அடிக்கடி மோதினால்தான் ஆட்டம் தேறும். வென்ற பப்புவா நியூ கினி, உலகக் கோப்பைக்கான கடைசிக் கட்டத் தகுதிச் சுற்று வரை போய், 2023 பிப்ரவரியில் பனாமாவிடம் 0-2 எனத் தோற்றது.

ஃபிஜி நமக்கு அந்நிய மண் அல்ல. 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து அங்குள்ள கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகளில் வட ஆற்காட்டுக்காரர்கள் கணிசம். 1911 வரை திருத்தணியும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. அந்தக் கூலிகளின் வழிவந்தவர்கள் நாந்தி நகரக் கடைவீதியின் கோடியில் முருகனுக்கு வண்ண வண்ணக் கோபுரத்தோடு கோயில் எழுப்பியிருக்கிறார்கள். தைப்பூசத்துக்குக் காவடியும் எடுக்கிறார்கள். 1926இல் தோன்றிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தின் ஈஸ்டர் மாநாட்டில் கால்பந்துப் போட்டியும் உண்டு. 1938இல் இந்திய வம்சாவளியினர் தொடங்கிய கால்பந்துச் சங்கம்தான், 1961இல் எல்லா இனத்தவருக்கும் கதவைத் திறந்து, இன்றைய ஃபிஜி கால்பந்துச் சங்கமாக வளர்ந்தது.

நம் பக்கத்துத் தீவுகளான இலங்கையும் மாலத்தீவும் தெற்காசிய மகளிர் கோப்பையில் ஆடுகின்றன. 2010இல் தொடங்கிய அந்தக் கோப்பையை முதல் ஐந்து முறையும் இந்தியாவே வென்றது. 2022இலும் 2024இலும் பறித்துக்கொண்டது வங்கதேசம். காரணம் தேடினால் மைமன்சிங் பக்கத்துக் கல்சிந்தூர் என்ற கிராமத்துக்குத்தான் போக வேண்டும். தொடக்கப் பள்ளிச் சிறுமிகளுக்கென்றே அரசு நாடெங்கும் நடத்திய கோப்பைப் போட்டியில் அந்தக் கிராமத்துப் பள்ளி ஆடியது. அங்கே வெறுங்காலோடு பந்தை உதைத்துப் பழகிய பிள்ளைகள் பலர் பின்னாளில் தேசிய அணிச் சட்டை அணிந்தார்கள்.

தமிழ்நாட்டுப் பெண்களும் சளைத்தவர்கள் அல்லர். 2018இல் மணிப்பூரையும் 2023இல் அரியானாவையும் இறுதியில் வென்று தேசிய சாம்பியன் ஆனார்கள். மதுரையின் சேது அணி 2019இல் இந்திய மகளிர் லீகை வென்றது. கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடியவர். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் பணியாற்றியவர்.

கடலூரில் முடிந்தது திருத்தணியில் ஏன் முடியாது? ஆந்திர எல்லையை ஒட்டிய நம் ஊர்ப் பள்ளிகளில் மாலையில் பந்து யார் காலில் இருக்கிறது என்று பெற்றோர் ஒரு நாள் போய்ப் பார்க்கட்டும். பெண்களுக்கு அணி இல்லையென்றால் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். பதினோரு பேரைச் சேர்த்துவிட்டால், பக்கத்துப் பள்ளி அணியை ஆட்டத்துக்கு அழையுங்கள். மாதம் ஒரு முறையாவது அழையுங்கள்.