கதவைச் சாத்திக்கொண்டு முக்கால் மணி நேரம்

சர்க்கரை, பிரஷர் என்றால் பக்கத்து வீட்டில்கூடத் தாராளமாகச் சொல்கிறோம். மனசு சரியில்லை என்றால் மட்டும் வாயைத் திறப்பதில்லை. 1794-ல் தொடங்கி இன்றுவரை நடக்கிற கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியின் பெயரைக் கேலிப் பேச்சாக்கி வைத்திருக்கிறோமே, பிறகு யார்தான் அங்கே போக முன்வருவார்கள்?

எங்கள் சென்னீர்குப்பத்தில் எதிர் வீட்டுப் பெண், இரண்டு குழந்தைகளுக்குத் தாய். அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். போன வருஷம் ஆவடி ரோட்டில் கணவரோடு வண்டியில் போகும்போது லாரி உரசிக் கீழே விழுந்தாள். கை எலும்பு கூடிவிட்டது. மனசுதான் கூடவில்லை. ஹார்ன் சத்தம் கேட்டால் நடுக்கம். ராத்திரியில் திடுக்கிட்டு எழுந்து உட்காருவாள். பிள்ளையை ஸ்கூலில் விடக்கூட ரோட்டைத் தாண்ட மாட்டாள். "பயந்த கோளாறு, வேப்பிலை அடிச்சா சரியாயிடும்" என்றார் மாமியார். அடித்தும் பார்த்தார்கள். பாவம், அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது.

ஆபத்து போன பிறகும் மூளை 'ஆபத்து, ஆபத்து' என்று மணி அடித்துக்கொண்டே இருக்கிற நிலை இது. விபத்து, வெள்ளம், சின்ன வயதில் பட்ட கொடுமை, அடிக்கிற புருஷன், கஷ்டமான பிரசவம், எதனாலும் வரலாம். முதல் சில வாரங்கள் பலருக்கும் இப்படி இருந்து தானாகவே அடங்கிவிடும். ஒரு மாதம் தாண்டியும் விடவில்லை என்றால் வைத்தியம் பார்த்தே ஆக வேண்டும்.

ரோட்டில் இறங்கவே பயப்படுகிறவளை பஸ் ஏற்றி எங்கே அழைத்துப் போவது? அதற்குத்தான் வீட்டிலிருந்தபடியே போனிலும் வீடியோவிலும் பேசிப் பெறும் சிகிச்சை. இது ஒன்றும் நேற்று முளைத்ததல்ல. டாக்டர் சாரதா மேனன் 1984-ல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம், 2010-லேயே புதுக்கோட்டை கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பியது. நோயாளி பஸ்ஸுக்குள் உட்கார்ந்து, சென்னையில் இருக்கும் டாக்டரைத் திரையில் பார்த்துப் பேசுவார். மருந்தும் பஸ்ஸிலேயே கிடைக்கும். 2022 அக்டோபரில் அரசாங்கம் 14416 என்ற இலவச எண்ணைத் தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

எதிர் வீட்டுப் பெண் முதலில் அந்த எண்ணில்தான் பேசினாள். பிறகு ஒரு மனநல நிபுணரிடம் வாரம் ஒரு நாள் வீடியோவில். "அறிவுரை சொல்லுவாங்கன்னு நெனச்சேன் அக்கா, கேள்விதான் கேட்டாங்க" என்றாள். முதலில் மூச்சை நிதானப்படுத்தப் பழக்கினார்களாம். பிறகு பயத்தைப் படிப்படியாக எதிர்கொள்வது. ஒரு வாரம் வாசல் கேட்டில் நின்று வண்டிகளைப் பார்ப்பது, அடுத்த வாரம் தெருமுனைக் கடைவரை போவது, இப்படி.

வாசகியர் ஒன்று கவனிக்க வேண்டும். மாத்திரை எழுதித்தர டாக்டரால்தான் முடியும். பேசிச் சிகிச்சை தருகிற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணையும் கட்டணத்தையும் முதலிலேயே கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். 'ஒரே தடவையில் குணம்' என்பவரிடம் போகவே வேண்டாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அடுத்த வாரத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. உடனே 14416-க்குப் போன் செய்யுங்கள், அல்லது பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். வீட்டில் அடி உதை என்றால் 181 இருக்கிறது.

டாக்டர் கிடைத்துவிட்டார்; பேச இடம்தான் கிடைக்கவில்லை! ஒரு ஹால், ஒரு படுக்கையறை. கதவைச் சாத்தினால் "யார்கிட்ட அப்படி ரகசியம்?" என்று கேள்வி வரும். குழந்தை கதவைத் தட்டும். மாமியார் காதில் விழுமோ என்ற பயத்தில் பாதி விஷயத்தை முழுங்கிவிட்டால் சிகிச்சை எப்படிப் பலிக்கும்? நம் வீடுகளில் பெண்ணுக்கென்று முக்கால் மணி நேரம் ஒரு கதவைச் சாத்திக்கொடுப்பது அவ்வளவு பெரிய காரியமாகிவிட்டது.

மொட்டை மாடியில் உட்கார்ந்து பார்த்தாள், வெயில் தாங்கவில்லை. கடைசியில், புதன்கிழமை பதினொரு மணிக்கு எங்கள் வீட்டுப் படுக்கையறையை அவளுக்கு விட்டுவிட்டேன். காதில் மாட்டிக்கொள்ளும் ஹெட்போனை அவள் கணவரே வாங்கிவந்தார். அந்த நேரத்தில் சின்னவனுக்கு நான் சோறூட்டுவேன். அவள் என்ன பேசுகிறாள் என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. நாலு மாதம் ஆகிறது. இப்போது பிள்ளையை அவளே ஸ்கூலில் விடுகிறாள். லாரி வந்தால் மட்டும் ஓரமாக நின்று, அது போனபிறகு நடக்கிறாள்.