பட்டறையை மூடாம தரைக்கு எபாக்ஸி போட முடியுமா?

இந்த வாரம் ஒரு நேயர் அனுப்பின வாய்ஸ் நோட்ல இருந்தே ஆரம்பிச்சுடலாம். கோயம்புத்தூர் கணபதியில அப்பாவோட லேத் பட்டறையைப் பார்த்துக்கிற தம்பி. 600 சதுர அடி ஷெட். ரெண்டு லேத், ஒரு மில்லிங், ஒரு ட்ரில்லிங் மெஷின், ஒரு மூலையில வெல்டிங், சுவரோரம் ராடு அடுக்கின ரேக். நடக்கணும்னா பக்கவாட்டுல திரும்பித்தான் நடக்கணுமாம். எபாக்ஸி போட ஆள் கேட்டா, எல்லாரும் ஒரே பதில்: “மொத்தமா காலி பண்ணிட்டு பத்து நாள் பூட்டிடுங்க.” பத்து நாள் பூட்டினா ஜாப் ஒர்க் பக்கத்துப் பட்டறைக்குப் போயிடும். போனது திரும்பி வரும்னு யாரும் எழுதித் தர மாட்டாங்க. அதனால அவரோட கேள்வி: பகுதி பகுதியா போடலாமா?

போடலாம். ஃப்ளோரிங் சைட்டுல சில வருஷம் சூப்பர்வைசரா இருந்தவன், அதனால தைரியமா சொல்றேன். ஆனா இப்படிப் போடுற தரை உரிய ஆரம்பிக்கிறது பெரும்பாலும் ரெண்டு இடத்துலதான். ஒண்ணு, எண்ணெய் ஊறின இடம். இன்னொண்ணு, ரெண்டு பகுதி சேர்ற ஓரம். நடுவுல ரோலர் ஓட்டுறதுதான் இருக்கறதுலயே சுலபமான வேலை.

எபாக்ஸி பெயின்ட் மாதிரி காய்றது இல்ல. ரெசின், ஹார்டனர்னு ரெண்டு டப்பா. கலந்ததும் வேதிவினை ஆரம்பிச்சு சூடாகும், இறுகும். பக்கெட்டுலயே வெச்சிருந்தா சூடு வெளியே போக வழியில்லாம அரை மணி நேரத்துலயே கெட்டியாயிடலாம். வெயில் நாள்ல இன்னும் சீக்கிரம். அதனால கலந்த உடனே தரையில ஊத்திப் பரப்பிடணும். சின்னச் சின்னப் பகுதியா போடுறதுல இது ஒரு வசதி. கரைப்பான் இல்லாத எபாக்ஸி 1 லிட்டரை 1 சதுர மீட்டர்ல பரப்பினா 1 மில்லிமீட்டர் கனம் வரும். கால் மில்லிமீட்டர் கோட்டுக்கு 4 சதுர மீட்டர். 600 அடியை நாலாப் பிரிச்சா ஒரு பகுதி சுமார் 14 சதுர மீட்டர். கோட்டுக்கு மூணரை லிட்டர். ரெண்டு பேர் நிதானமா முடிக்கலாம். ஆனா சரக்கை மட்டும் மொத்தமா, ஒரே பேட்ச் நம்பர்ல வாங்கிடுங்க. அடுத்த மாசம் வாங்குற அதே சாம்பல் நிறம் அதே சாம்பலா இருக்காது.

சின்ன வயசுல கட்டங்களைத் தள்ளி நம்பரை வரிசைப்படுத்துற புதிர் விளையாடியிருப்பீங்க. ஒரு கட்டம் காலியா இருந்தாதான் ஆட்டமே நடக்கும். பட்டறையும் அப்படித்தான். முதல்ல ஒரு கால்வாசியை எப்படியாவது காலி பண்ணணும். ரேக்கு, ட்ரில்லிங் மெஷினெல்லாம் நகரட்டும். லேத்தைத் தொடாதீங்க. நகர்த்தினா திரும்ப லெவல் பார்க்கணும். அந்தச் செலவுக்கும் தலைவலிக்கும் பேசாம அதைச் சுத்திப் பூசிட்டு அடியில ட்ரே வெச்சுடலாம்.

இப்போ எண்ணெய். பல வருஷமா கட்டிங் ஆயிலும் கூலண்டும் குடிச்ச கான்கிரீட் அது. தரையில நாலு சொட்டு தண்ணி விட்டுப் பாருங்க. உறிஞ்சிக்கிட்டா நல்லது, முத்து மாதிரி நின்னா உள்ளே எண்ணெய் இருக்கு. மண்ணெண்ணெய் விட்டுத் துடைக்காதீங்க. அது எண்ணெயை இளக்கி இன்னும் ஆழமா இறக்கும். ஆசிட் ஊத்தச் சொல்வாங்க. ஆசிட் சிமென்ட்டைத்தான் அரிக்கும், எண்ணெயை எடுக்காது. அதோட புகை பட்டு லேத் பெட் துருப்பிடிக்கும். டீகிரீசர், வெந்நீர், பிரஷ், திரும்ப டீகிரீசர். நல்லாக் காய்ஞ்சப்புறம் டைமண்ட் கப் போட்ட கிரைண்டர். அதுல வேக்குவம் மாட்டியே ஆகணும். கான்கிரீட் தூள்ல சிலிகா இருக்கு, அது நுரையீரலுக்கும் கேடு, மெஷின் ஸ்லைடுக்கும் கேடு. அப்புறம் மறுபடி தண்ணிச் சொட்டு. அப்பவும் முத்து நின்னா அந்த இடத்தைக் கொத்தி எடுத்து ஒட்டுப் போடுறதுதான் வழி.

அடுத்து ஓரம். ஒரு கோட்டுக்கு மேல அடுத்த கோட்டை குறிப்பிட்ட நேரத்துக்குள்ள போட்டா ரெண்டும் வேதியியலாவே பிணைஞ்சிடும். பல சரக்குல இது ஒரு நாள் அளவு. டப்பாவோட டேட்டா ஷீட்ல இருக்கும். அது தாண்டிட்டா கீறின பரப்பைப் பிடிச்சுக்கிட்டுதான் நிக்கும். நாம அடுத்த பகுதிக்கு வர்றதே ஒரு வாரம் கழிச்சு. அப்போ ஓரம் கண்டிப்பா அந்த நேரத்தைத் தாண்டியிருக்கும். அதனால பழைய ஓரத்துல ரெண்டு இன்ச் அகலத்துக்குப் பளபளப்பு போற வரைக்கும் சாண்ட்பேப்பர் போடணும். ப்ரைமரை மேல் கோட்டைவிட அரை அடி தள்ளி நிறுத்துங்க, செங்கல் வரிசை மாதிரி. ரெண்டு கோட்டும் ஒரே கோட்டுல முடியக் கூடாது. டேப்பை எபாக்ஸி இறுகுறதுக்கு முன்னாடியே உரிச்சுடணும். கான்கிரீட்ல ஏற்கெனவே ஜாயிண்ட் இருந்தா பகுதியை அங்கேயே முடிங்க. இல்லன்னா நடைபாதை ஓரத்துல முடிங்க. கடைசியில அந்த இணைப்பு மேல மஞ்சள் கோடு வந்துடும்.

எப்போ போடலாம்? ஆயுத பூஜைக்குப் பட்டறையைச் சுத்தம் பண்ற ஜோர்ல பலருக்குத் தரை ஞாபகம் வரும். ஆனா கோவையில அக்டோபர், நவம்பர்தான் நல்ல மழை. தரை ட்யூ பாயிண்ட்டைவிட 3 டிகிரியாவது சூடா இருக்கணும், இல்லன்னா கண்ணுக்குத் தெரியாத ஈரம் படியும். ஒண்ணரை அடி சதுர பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு 16 மணி நேரம் விடுங்க. அடியில வேர்த்திருந்தா தள்ளிப் போடுங்க. பிப்ரவரி, மார்ச் நல்லது. சாயங்காலம் தரை குளிர ஆரம்பிக்கும்போது போடுங்க. காலையில போட்டா, சூடாகுற கான்கிரீட்லருந்து காத்து மேலே வந்து குமிழ் குமிழா ஓட்டை விழும்.

பக்கத்துப் பகுதியில மெஷின் ஓடினா கூலண்ட் புகையும் தூசியும் ஈர எபாக்ஸி மேல படியும். சனிக்கிழமை சாயங்காலம் ஷிப்ட் முடிஞ்சதும் ப்ரைமர், ஞாயிறு சாயங்காலம் மேல் கோட். ரெண்டுக்கும் தரையிலருந்து கூரை வரைக்கும் பிளாஸ்டிக் திரை கட்டிடுங்க. திங்கள் சாயங்காலத்துக்கு மேல அதுல நடக்கலாம், ஆனா ரேக்கையும் மெஷினையும் ஏத்த 7 நாள் பொறுங்க. இதனாலதான் நாலு பகுதிக்கு ஒரு மாசம் ஆகும். ஆனா ஷெட் ஒரு நாளும் பூட்ட வேண்டாம். வாசல் பக்கப் பகுதி மட்டும் வழியை அடைக்கும், அதைப் பொங்கல் லீவு மாதிரி ஆள் ஊருக்குப் போற நாளுக்கு வெச்சுக்கலாம், மழை ஓய்ஞ்சிருந்தா.

நைட்ரைல் கையுறை இல்லாம ஹார்டனரைத் தொடாதீங்க. ஒரு தடவை தோல் அலர்ஜி வந்துட்டா அப்புறம் எப்போ தொட்டாலும் வரும். சைட்டுல நல்ல கைப்பழக்கம் உள்ள ஆளுங்க இதனாலயே தொழிலை விட்டதைப் பார்த்திருக்கேன்.

அந்த வெல்டிங் மூலைக்கு எபாக்ஸியே வேண்டாம் தம்பி. பொறி விழுந்து கருகும். அங்கே வெறும் கான்கிரீட்டே இருக்கட்டும், எல்லையில டேப் போட்டு நேரா நிறுத்திடுங்க.