கேள்வி மாறினால் படிப்பும் மாறும்

செஞ்சிக் கோட்டையை சிவாஜி கைப்பற்றிய ஆண்டு எது? கொடுத்திருக்கும் நான்கு விடைகளில் 1677-ஐத் தேர்ந்தெடுத்தால் ஒரு மதிப்பெண். 1690-ல் முகலாயர் தொடங்கிய முற்றுகை முடிவதற்கு 1698 வரை ஆனது ஏன்? இதற்கு மனப்பாடம் உதவாது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் மதில் எப்படி வளைத்து இணைக்கிறது, ராஜகிரி உச்சிக்குப் போகும் வழியில் ஆழமான பிளவின் மேல் இழுவைப் பாலம் எதற்கு, களஞ்சியமும் சுனையும் உள்ளே இருந்தால் முற்றுகையிட்டவர்கள் பாடு என்ன என்றெல்லாம் யோசித்தாக வேண்டும். முதல் கேள்வியை எதிர்பார்க்கும் மாணவி ஆண்டுகளுக்கு அடிக்கோடு போடுவாள். இரண்டாவதை எதிர்பார்ப்பவள் வரைபடத்தைத் தேடுவாள்.

நம் தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் வினாத்தாளில் ஒரு மதிப்பெண் கேள்விகள் 14. இரண்டு மதிப்பெண்ணுக்கும் ஐந்து மதிப்பெண்ணுக்கும் தலா பத்து விடைகள், எட்டு மதிப்பெண்ணுக்கு இரண்டு விடைகள் எழுத வேண்டும். எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் வரும் என்று சொல்லும் 'புளூபிரின்ட்' முன்பு மாணவர் கையிலேயே இருந்தது. கணக்குப் போட்டுச் சில பாடங்களை அப்படியே விட்டுவிடுவார்கள். 2018-ல் தொடங்கிய புதிய பாடத்திட்டத்தோடு அது கைவிடப்பட்டது. பாடத்தின் முடிவில் இருக்கும் 'புக் பேக்' கேள்விகளை மட்டும் நம்பாதே என்ற அறிவுரையும் பரவியது.

மாணவர்களைக் குறை சொல்வதற்கில்லை. சுவீடனில் மார்ட்டன், சால்யோ என்ற ஆய்வாளர்கள் 1976-ல் வெளியிட்ட சோதனையில், கல்லூரி மாணவர்கள் இரு குழுக்களாகச் சில பகுதிகளைப் படித்தார்கள். ஒரு குழுவிடம் நுணுக்கமான தகவல்களையும், மற்றதிடம் கருத்தையும் கேட்டார்கள். அடுத்த பகுதியைப் படிக்கும்போது முதல் குழு தகவல் பொறுக்கத் தொடங்கிவிட்டது. கருத்துக் கேள்விக்குப் பழகிய குழுவிலோ ஒரு வேடிக்கை. சிலர் உண்மையிலேயே ஆழ்ந்து படித்தார்கள். வேறு சிலர் சுருக்கம் ஒப்பிக்கத் தேவையானதை மட்டும் திரட்டிக்கொண்டார்கள்.

நம் ஊரில் நடப்பதும் இதுதான். 'ஏன்' என்ற கேள்வி இரண்டு முறை வந்துவிட்டால், மூன்றாம் முறை அதற்கான விடை கைடில் அச்சாகி விற்பனைக்கு வந்துவிடும். பிறகு அதுவும் மனப்பாடம்தான்.

அதற்காகத் தேர்வே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற அமெரிக்க உளவியலாளர்கள், படித்ததையே மறுபடி படித்தவர்களையும், புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது.

ஆகவே, பொதுத்தேர்வு மாறும்வரை வகுப்பறை காத்திருக்க வேண்டியதில்லை. வாரம் ஒரு சிறு தேர்வு, மதிப்பெண் பட்டியலில் ஏறாதது. எந்தக் கைடிலும் இல்லாத ஒரு கேள்வி. எழுதிய விடைகளை மறுநாளே வகுப்பில் வைத்து அலசுவது. இதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை, கேள்வியைத் தானே யோசித்து எழுத ஆசிரியருக்கு அரை மணி நேரம் கிடைத்தால் போதும்.