புற்றுச்செல்லும் சூழ்திசுவும்: ஒரு கலைச்சொல் நோக்கு

1. முன்னுரை

திருவனந்தபுரத்தில் 1981ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற மண்டலப் புற்றுநோய் மையத்திற்குக் கேரளத்தாரோடு தமிழகத்தின் தென்மாவட்டத்தாரும் மருத்துவம் பெற வருகின்றனர். ஆகவே அங்கு நோய்விளக்கம் மலையாளம், தமிழ் ஆகிய இரு மொழிகளிலும் தேவைப்படுகிறது. புற்றுச்செல்லுக்கும் அதனைச் சூழ்ந்த திசுவுக்கும் உள்ள உறவை விளக்குங்கால் எழும் சொற்சிக்கல்கள் இங்கு ஆராயப்படுகின்றன.

2. அறிவியற் கருத்து

ஆங்கிலேய மருத்துவர் ஸ்டீபன் பேஜட், மார்பகப் புற்றால் நேர்ந்த 735 இறப்புகளை ஆராய்ந்து, நோய் பிற உறுப்புகளுக்குப் பரவுவது தற்செயலன்று என 1889இல் எழுதினார். விதை எத்திசையிற் சென்றாலும் ஏற்ற நிலத்திலேயே முளைக்கும் என்பது அவர்தம் உவமை. அந்நிலமும் மாற்றத்திற்குள்ளாகிறது என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. புற்றுச்செல்கள் வெளியிடும் வேதிக் குறிப்புகளால் அருகிலுள்ள நார்ச்செல்கள் இயல்பு திரிந்து வளர்ச்சிக்கான பொருள்களைச் சுரக்கின்றன. புதிய குருதிக்குழாய்கள் கிளைக்கின்றன. உடலைக் காக்கவேண்டிய விழுங்கணுக்களுள் சில புற்றுக்குத் துணைபோகின்றன.

இரு மாநிலத்தாரும் அறிந்த சான்று ஒன்றுண்டு. பாக்கு மெல்லும் பழக்கத்தால் வாயின் உட்சவ்வுக்கு அடியில் கொலாஜன் நார் மிகுந்து, திசு இறுகி, வாய் திறத்தல் அரிதாகிறது. இது புற்றுக்கு முந்திய நிலைகளுள் ஒன்றாகும். செல்லை மட்டும் நோக்கின் இந்நோயின் வரலாறு முழுமையாகப் புலப்படாது.

3. சொற்சிக்கல்கள்

(அ) தமிழக வழக்கில் செல், திசு எனப்படுபவை இலங்கைத் தமிழில் கலம், இழையம் எனப்படும். மலையாளத்தில் கோசம், கல எனப்படும். மலையாளக் ‘கல’ திசுவையும், இலங்கைத் தமிழ்க் ‘கலம்’ செல்லையும் குறித்தலால், ஒலியொப்புமையை நம்பும் மொழிபெயர்ப்பாளர் இரண்டனையும் இடம்மாற்றிவிடக்கூடும். அவ்வாறாயின் உறவின் இரு தரப்பும் தலைகீழாகும்.

(ஆ) ‘படையெடுப்பு’, ‘ஆக்கிரமிப்பு’ என்னும் சொற்கள் செல்லை மட்டுமே வினைமுதலாக்குகின்றன. திசு வெறும் செயப்படுபொருளாகிறது. ‘பரவல்’ என்பதோ திசுவின் பங்கைச் சுட்டுவதேயில்லை. இருபாற் செயலைக் குறிக்க ‘இடைவினை’ பொருந்தும்.

(இ) ‘புற்று’ கறையான் புற்றையும் குறிக்கும். கறையான் தன்னைச் சுற்றியுள்ள மண்ணைக் கொண்டே புற்றெழுப்புகிறது. மண்ணை நீக்கின் புற்றில்லை. நண்டைக் குறிக்கும் இலத்தீன் ‘கான்சர்’ என்பதினும் இச்சொல் சூழ்திசுவின் பங்கை விளக்கத் துணைசெய்யும்.

4. முடிவுரை

உவமை விளக்கத்திற்கு உதவுமேயன்றி அறிவியலுக்கு மாற்றாகாது. எனினும், நோயாளி ஒப்பமிடும் படிவத்தில் இடம்பெறும் சொல், தம் உடலில் நிகழ்வதை அவர் எவ்வாறு உணர்கிறார் என்பதை அறுதியிடுகிறது. எனவே செல்லுக்கும் திசுவுக்கும் உரிய சொற்களை முதற்கண் வரையறுத்துக்கொண்டு, பின்னரே வினைச்சொற்களைத் தெரிவுசெய்தல் மொழிபெயர்ப்பாளர் கடனாகும்.