குடற்சுவரின் காவல்

நாம் உண்ணும் உணவும், அதனோடு புகும் நுண்ணுயிர்களும், உள்ளேயே குடியிருக்கும் கோடானுகோடி பாக்டீரியாக்களும் குடலின் ஒரு புறம். நம் இரத்தமும் தசையும் மறுபுறம். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள படலம் ஒரே ஓர் உயிரணுவின் கனமே உடையது. அவ்வுயிரணுக்களும் 3 முதல் 5 நாட்களில் உதிர்ந்து, புதியன தோன்றுகின்றன. இத்துணை மெல்லிய சுவர் அழற்சி கொள்ளாமல் நிற்பது எங்ஙனம்?

விடையின் ஒரு பகுதியை மேல்மரபியல் தருகிறது. 1942-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் உயிரியலறிஞர் கான்ராட் வாடிங்டன் 'எபிஜெனடிக்ஸ்' எனப் பெயரிட்ட துறை இது.

உயிரணுவின் உட்கருவில் ஏறத்தாழ 2 மீட்டர் நீளமுள்ள டி.என்.ஏ. இழை, ஹிஸ்டோன் என்னும் புரத உருண்டைகளின்மேல் நூற்கண்டு போலச் சுற்றப்பட்டுள்ளது. சுற்று இறுகினால் அங்குள்ள மரபணு அடங்கியிருக்கும், தளர்ந்தால் தொழிற்படும். மரபணுவின் எழுத்து மாறுவதில்லை. எதைப் படிப்பது, எதை மூடிவைப்பது என்பதே மாறுகிறது. ஹிஸ்டோனில் அசெட்டைல் என்னும் சிறு குறி ஏறினால் சுற்று தளரும். அக்குறியை நீக்கும் நொதிகளும் உண்டு.

அந்நொதிகளுள் ஒன்றான எச்.டி.ஏ.சி.-3 என்பதைக் குடற்சுவரில் இல்லாமற் செய்த எலிகளின் சுவர் பழுதுற்று, எளிதில் அழற்சி கண்டதென 2013-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. ஆகவே தளர்ச்சி மட்டும் போதாது. அளவறிந்த இறுக்கமும் வேண்டும்.

இவ்வளவைச் சீர்செய்வதில் நம் உணவுக்கும் பங்குண்டு. செரியாத நார்ப்பொருளைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் புளிக்கவைத்து, பியூட்டிரேட் என்னும் அமிலப்பொருளை ஆக்குகின்றன. அதுவே பெருங்குடற்சுவர் உயிரணுக்களுக்குத் தலையாய எரிபொருள். அன்றியும், குறிநீக்கும் நொதிகள் சிலவற்றின் வேகத்தை அது மட்டுப்படுத்துகிறது. அழற்சியை அடக்கும் தற்காப்பு உயிரணுக்களை அது பெருக்குவதும் 2013-இலேயே எலிகளிடத்துக் காணப்பட்டது.

ஊர்விட்டு வந்து வாழும் நம் இல்லங்களில் காலைப்பொழுது சுருங்கி, மைதா ரொட்டியும் பிஸ்கட்டும் தட்டை நிரப்புகின்றன. கேழ்வரகும் பயறும் கீரையும் வாழைத்தண்டும் எந்நகரிலும் முற்றிலும் அரியன அல்ல. சோறு ஆறும்போது அதிலுள்ள மாவுப்பொருளில் ஒரு பகுதி எளிதில் செரியா வடிவம் பெற்றுப் பெருங்குடலை அடைகிறது. பழைய சோற்றை எள்ளத் தேவையில்லை.

ஒன்று மறவற்க: பெருங்குடற்புண் அழற்சி, கிரோன் நோய் ஆகியவை உற்றவர்கள் உணவை நம்பி மருந்தை நிறுத்தலாகாது. நோய் முற்றியிருக்கும் வேளையில் நார்மிகு உணவு சிலருக்குத் துன்பமே தரும். மருத்துவர் சொற்படி நடத்தலே முறை. ஏனையோர் நாளை உலையேற்றும்போது ஒரு பிடி பயறும் சேர்ப்பாராக.