ராணியைக் கொடுத்தது பெரிதல்ல

1907 டிசம்பர். அன்று ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்த போலந்து நகரமான லோட்ஸில் ஒரு செஸ் ஆட்டம் நடந்தது. வெள்ளைக் காய்களுடன் 18 வயது இளைஞர் ராட்லெவி. கறுப்பில் அகிபா ரூபின்ஸ்டைன். 25 நகர்த்தல்களில் கதை முடிந்தது. 'ரூபின்ஸ்டைனின் அமர ஆட்டம்' என்ற பெயரில் அது இன்றுவரை புத்தகம் தவறாமல் அச்சாகிக்கொண்டிருக்கிறது. அப்படி என்ன விசேஷம் என்று கேட்டால், ராணியையும் யானையையும் தூக்கிக் கொடுத்துவிட்டு ஜெயித்தாரே என்பார்கள்.

உண்மைதான். ஆனால் அந்தக் கடைசிச் சில நகர்த்தல்களுக்காக மட்டும் இந்த ஆட்டத்தைப் பார்ப்பது, பாயசத்துக்கு மட்டும் பந்தியில் உட்காருவது போலத்தான்.

15ஆவது நகர்த்தலை வெள்ளை ஆடி முடித்த கட்டத்தில் பலகையை நிறுத்திப் பாருங்கள். இரு பக்கமும் சிப்பாய்கள் ஒரே வரிசையில். ராணிக்கு எதிரே ராணி, பிஷப்புக்கு எதிரே பிஷப், குதிரைக்கு எதிரே குதிரை. வித்தியாசம் ஒன்றே ஒன்று. கறுப்பு யானை ஏற்கெனவே டி8க்கு வந்துவிட்டது. அடுத்து ஆட வேண்டியதும் கறுப்புதான். ஆட்டத்தைத் தொடங்கிய வெள்ளை எப்படிப் பின்தங்கியது? ராணியை டி2வில் வைத்துவிட்டு, மனம் மாறி இ2வுக்கு நகர்த்தினார் ராட்லெவி. பிஷப்பை டி3க்குக் கொண்டுபோய், அங்கிருந்து சி4இல் வெட்டி, திரும்பவும் டி3க்கே வந்தார். காய் எதுவும் போகவில்லை. நேரம் மட்டும் போனது.

அதன் பிறகு அவர் செய்ததுதான் பெரிய வினை. எஃப் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். இ சிப்பாயை நான்குக்கும், பிறகு ஐந்துக்கும் தள்ளினார். பார்வைக்கு வீரமான முன்னேற்றம். நடந்ததோ வேறு. தன் ராஜாவை நோக்கிப் பாயும் இரண்டு மூலைவிட்டங்களையும் அவரே திறந்து விட்டார். அந்த இடைவெளியில் ரூபின்ஸ்டைன் ஆடிய 18ஆவது நகர்த்தலைப் பெரும்பாலும் யாரும் ஆச்சரியக்குறி போட்டுக் கொண்டாடுவதில்லை. ஏ8 யானையை சி8க்கு நகர்த்தினார், அவ்வளவுதான். எதிரே சி7இல் சொந்த பிஷப்பே வழியை மறித்து நிற்கிறது. அடுத்த நகர்த்தலில் அந்த பிஷப் பி6க்குத் தாவி ராஜாவுக்கு 'செக்' சொல்கிறது. அதே கணத்தில் யானையின் பாதையும் திறந்துகொள்கிறது. என்னைக் கேட்டால், ராணி பலியைவிட அழகானது இதுதான்.

இனி வாணவேடிக்கை. கறுப்புக் குதிரை ஒன்று ஜி4இல் வந்து நிற்கிறது. வெள்ளையின் இ4 பிஷப்புக்கு இரண்டு காவல்: சி3 குதிரை, இ2 ராணி. அந்த பிஷப் விழுந்தால் ராஜா அம்போ. கறுப்பு ராணியை ஜி3 சிப்பாய் விரட்டுகிறது. ரூபின்ஸ்டைன் ராணியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யானையால் சி3 குதிரையை வெட்டினார்; ஒரு காவல் போயிற்று. வெள்ளை, கறுப்பு ராணியை எடுத்துக்கொண்டது. இரண்டாவது யானையை டி2வில், நேராக எதிரி ராணியின் முன்னால் வைத்தார். ராணி அதை வெட்டப் போனதும் இரண்டாவது காவலும் விலகியது. பிஷப் இ4இல் வெட்டி செக். குறுக்கே வந்த ராணி அசைய முடியாமல் மாட்டிக்கொண்டது. மிச்சமிருந்த யானை எச்3க்கு வந்து நின்றதும் ராட்லெவி ஆட்டத்தைக் கைவிட்டார். எச்2இல் விழப்போகும் மேட்டைத் தடுக்க வழியே இல்லை.

தோற்றவரைச் சாமானியர் என்று நினைத்துவிட வேண்டாம். 1911இல் கார்ல்ஸ்பாட் பெரும் போட்டியில் நான்காம் இடம் பிடித்தவர் ராட்லெவி. ரூபின்ஸ்டைனோ 1912இல், பகிர்ந்துகொண்டதையும் சேர்த்து, ஐந்து போட்டிகளில் முதலிடம் பெற்றார். உலக சாம்பியன் லாஸ்கருடன் மோதும் வாய்ப்பு கைக்கெட்டிய நேரத்தில் முதல் உலகப்போர் வெடித்தது. அந்த மோதல் கடைசிவரை நடக்கவே இல்லை.

105 வருடம் தள்ளி, 2013 ஜனவரியில் நெதர்லாந்தின் கடலோர ஊரான விய்க் ஆன் ஸேக்கு வாருங்கள். டாடா ஸ்டீல் போட்டியில் அர்மேனியாவின் அரோனியனுக்கு எதிராகக் கறுப்பில் உட்கார்ந்திருந்தார் நம் விஸ்வநாதன் ஆனந்த், அன்றைய உலக சாம்பியன். அங்கேயும் இரண்டு கறுப்பு பிஷப்புகள் வெள்ளை ராஜாவைக் குறிபார்த்தன. அங்கேயும் ஜி4இல் ஒரு குதிரை. 16ஆவது நகர்த்தலில் ஆனந்த் இன்னொரு குதிரையை இ5இல், சிப்பாயின் வாயிலேயே வைத்தார். சிப்பாய் அதை வெட்டினால் ராணி டி4இல் செக். ராஜா மூலைக்கு ஓடினால் ராணி ஜி1இல் தன்னையே பலி கொடுக்கும். யானை அதை வெட்டியதும் குதிரை எஃப்2இல் மேட்!

அரோனியன் அந்த வலையில் விழவில்லை. அவருடைய குதிரை எஃப்8இல் யானையை வெட்டியது. பதிலுக்கு அதை உடனே வெட்டத்தான் யாருக்கும் கை துறுதுறுக்கும். ஆனந்த் அதை விட்டுவிட்டு எஃப்5க்கு ஒரு சிப்பாயைத் தள்ளினார். ஜி4 குதிரைக்கு அது முட்டு. வெள்ளை ராணிக்கு எச்7 பக்கம் போகும் பாதை அடைப்பு. கடைசியில் எச்3ஐக் காக்க வெள்ளை ராணி டி3க்கு வந்தபோது, ஆனந்த் தன் பிஷப்பை இ3இல் வைத்து அந்தப் பார்வையை மறைத்தார். ராணியோ பிஷப்போ அதை வெட்டலாம், வெட்டினாலும் பிழைப்பில்லை. 23ஆவது நகர்த்தலில் அரோனியன் கைவிட்டார். அவருடைய சி1 பிஷப்பும் ஏ1 யானையும் ஆட்டம் முழுக்க இருந்த இடத்தை விட்டு அசையவே இல்லை.

ஆட்டம் முடிந்ததும் ஆனந்த் அவராகவே ரூபின்ஸ்டைனை நினைவுகூர்ந்தார். பழைய ஆட்டங்களைப் படிப்பதன் பலன் இப்படித்தான் வெளிப்படும். நகர்த்தல்களை மனப்பாடம் செய்து பயனில்லை. ஆனந்த் ஆடியது வேறு திறப்பு. இரண்டு பிஷப்புகள் ராஜாவைக் குறிபார்த்தால் என்னவெல்லாம் நடக்கலாம் என்ற மோப்பம்தான் மனதில் தங்குகிறது.

இன்று கைப்பேசியில் இருக்கும் எஞ்சின் எந்த நகர்த்தல் சிறந்தது என்று நொடியில் சொல்லிவிடும். சொல்லட்டும், ஆனால் கடைசியாக. இரண்டு ஆட்டமும் சேர்த்து 48 நகர்த்தல்கள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாராளமாகப் போதும். நிஜப் பலகையில் காய்களை அடுக்குங்கள். ஜெயித்தவரின் அடுத்த நகர்த்தலைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டு, அந்த இடத்தில் நீங்கள் என்ன ஆடுவீர்கள் என்று முதலில் எழுதி வையுங்கள். ரூபின்ஸ்டைனின் 18ஆவது நகர்த்தலை நீங்களாகவே கண்டுபிடித்துவிட்டால், அப்புறம் எஞ்சினைத் திறக்கலாம்.